விற்ற பிறகும் விடாத பொறுப்பு

தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் முறுக்குப் போடும் கூடம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருபது வருஷமாக நடத்தி வருகிறார். அங்கே கணக்கு எழுதும் அன்பர் எனக்கு நெடுநாள் பழக்கம். இருவர் பெயரும் இங்கே வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, அந்த அன்பர் ஒரு பெரிய கவரும் ஒரு ஃபைலுமாக என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அதனால்தான் வந்திருக்கிறார்.

கவருக்குள் வக்கீல் நோட்டீஸ். தானாவில் ஒரு பள்ளிச் சிறுவன் இவர்கள் கூடத்து முறுக்கைத் தின்றிருக்கிறான். எண்ணெயிலிருந்து முறுக்கை அள்ளும் கரண்டியின் வலையிலிருந்து ஒரு கம்பித் துண்டு ஒடிந்து அதற்குள் கிடந்திருக்கிறது. அது தொண்டையில் குத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன் பிழைத்தான். ஆஸ்பத்திரிச் செலவு, மன வேதனை எல்லாம் சேர்த்து 2,75,000 ரூபாய் நஷ்ட ஈடு கேட்டிருந்தார் அவன் தகப்பனார்.

"நமக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, சார்! எட்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறேன்" என்று அன்பர் ஃபைலை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். தீ விபத்துக்கு ஒரு பாலிசி. திருட்டுக்கு ஒரு பாலிசி. இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால், இரண்டிலும் அந்தச் சிறுவனின் தொண்டைக்கு இடமில்லை.

மறுநாள் முதலாளி அவரிடம் கேட்டாராம்: "ஏன் தம்பி, எட்டு வருஷமா கட்டுனோமே, அதெல்லாம் எதுக்கு?"

"அது நம்ம சரக்குக்கு வர்ற நஷ்டத்துக்கு, அண்ணாச்சி. நம்ம சரக்கால அடுத்தவனுக்கு வர்ற நஷ்டத்துக்கு இல்லையாம்."

இந்த ஒரு பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சரக்குக்கு வரும் கேடு வேறு. சரக்கால் வரும் கேடு வேறு. இரண்டாவதற்கு என்று தனியாக ஓர் இன்ஷூரன்ஸ் உண்டு. 'புராடக்ட் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்' என்பார்கள். 'பொருள் பொறுப்புக் காப்பீடு' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மசாலா அரைப்பவர், ஊறுகாய் போடுபவர், தோல் பை தைப்பவர், பொம்மை விற்பவர், இவர்களிடம் கணக்கு எழுதுபவர் என்று நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஒரு நத்தை

சரக்கை விற்றாகிவிட்டது, காசும் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நமக்கென்ன பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நூறு வருஷங்களுக்கு முன்பு வரை சட்டமும் தெளிவான பதில் சொல்லவில்லை.

1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில், மே டோனஹ்யூ என்ற பெண்மணி ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போனார். கூட வந்த தோழி அவருக்கு ஒரு பாட்டில் 'ஜிஞ்சர் பீர்' வாங்கிக் கொடுத்தார். பாட்டில் கறுத்த கண்ணாடி; உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாக அவர் சொன்னார். வயிற்று உபத்திரவம் வந்து படுத்துவிட்டார்.

யார் மீது வழக்குப் போடுவது? காசு கொடுத்தவர் தோழி. ஆகவே கடைக்காரருக்கும் இந்த அம்மாளுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. பாட்டிலை அடைத்த ஸ்டீவன்சன் என்பவரையோ இவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் வழக்கு அவர் மீதே தொடரப்பட்டு, லண்டனில் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1932 மே மாதம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. தன் செய்கையால் யாருக்குக் கெடுதி வரக்கூடும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்க முடியுமோ, அவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டார் மாதிரி. அவர்கள் விஷயத்தில் உற்பத்தியாளன் கவனமாக இருக்க வேண்டும் என்று நீதிபதி அட்கின் பிரபு கூறினார்.

உலகத்துப் பொருள் பொறுப்புச் சட்டங்கள் பலவற்றுக்கும் வேர் அந்த பாட்டில்தான். தாராவியில் முறுக்குப் போடுகிறவருக்குத் தானாவில் இருக்கும் பையன் அண்டை வீட்டுக்காரன் ஆனதும் அப்படித்தான்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதில் பொருள் பொறுப்புக்கென்றே ஆறாவது அத்தியாயம் இருக்கிறது. 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் வியாபாரிகள் மனத்தில் பதிய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, உற்பத்தியாளர் என்பவர் யார்? அடுப்படியில் நின்று செய்கிறவர் மட்டுமல்ல. பிறர் செய்த பொருளில் தன் மார்க்கைப் பொறித்து விற்பவரும் உற்பத்தியாளரே. யாரோ அரைத்த மிளகாய்த் தூளை மொத்தமாக வாங்கி, தன் பெயர் அச்சடித்த பாக்கெட்டில் அடைத்து விற்றால், "நான் அரைக்கவில்லையே" என்று ஒதுங்க முடியாது.

இரண்டாவது, உற்பத்தியாளர் எதற்கெல்லாம் பொறுப்பு? செய்த விதத்தில் குறை இருந்தால். அமைப்பிலேயே குறை இருந்தால். சொன்ன அளவுக் குறிப்புப்படி செய்யாவிட்டால். வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்து வராவிட்டால். எப்படிப் பயன்படுத்துவது, எதில் ஆபத்து என்று போதிய எச்சரிக்கை எழுதாவிட்டால். உத்தரவாத விஷயத்தில், "நான் அஜாக்கிரதையாக இல்லை" என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது.

மூன்றாவது, வெறுமனே வாங்கி விற்கும் கடைக்காரர் எப்போது மாட்டிக்கொள்வார்? பொருளை அவர் மாற்றியமைத்து அதனால் கேடு வந்தால். தாமாகத் தனி உத்தரவாதம் கொடுத்தால். உற்பத்தியாளரின் எச்சரிக்கையை வாங்குகிறவரிடம் சேர்ப்பிக்காவிட்டால். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவர் யார் என்றே தெரியாவிட்டால்! முகவரியில்லாத சரக்கைப் பில் இல்லாமல் வாங்கி விற்கிறவர் இதைக் கவனிக்க வேண்டும். செய்தவனைக் காட்ட முடியாவிட்டால், விற்றவனே செய்தவன் இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

நான்காவது, வழக்கு எங்கே வரும்? நஷ்டப்பட்டவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். மும்பையில் போட்ட முறுக்கை ஒருவர் ரயிலில் ஊருக்குக் கொண்டு போய்க் கொடுத்து, அங்கே ஒரு குழந்தைக்குக் கேடு வந்தால், திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலிருந்தே நோட்டீஸ் வரலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

உணவுப் பண்டம் செய்பவருக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 65-வது பிரிவு, உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு என்கிறது. படுகாயத்துக்கு 3 லட்சம் வரை. மற்றக் காயங்களுக்கு 1 லட்சம் வரை.

அதற்காக, வாங்குகிறவர் செய்யும் தவறுக்கெல்லாம் வியாபாரி பொறுப்பல்ல. பொருளைத் தாறுமாறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, தாமே மாற்றியிருந்தாலோ விற்றவர் தப்பலாம். ஊரறிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை எழுதவில்லை என்று உற்பத்தியாளரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கத்தி வெட்டும் என்று கத்தியின் மேல் எழுதியிருக்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிக்கும் இதே நியாயம்தான். 2017 நவம்பரில் டில்லி-பானிப்பட் சாலையில் ஒரு ஹூண்டாய் கார் விபத்துக்குள்ளானது. காற்றுப் பைகள் விரியவில்லை. ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் காயம். டில்லி மாநில ஆணையம் வைத்தியச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன வேதனைக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 50,000 கொடுக்கச் சொன்னதுடன், வண்டியையும் மாற்றித் தரச் சொன்னது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேகத்தையும் மோதலின் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர் வேலையல்ல என்பது அதன் கருத்து.

கம்பெனியிடம் பணம் இருக்கிறது. கொடுத்துவிட்டு நாளைக்கு வேறு கார் விற்கும். பத்துக்குப் பதினைந்து அறையில் தொழில் நடத்துகிறவர் என்ன செய்வார்? அவருக்குத்தான் இந்த பாலிசி அதிகம் தேவை.

பாலிசி எதைக் கொடுக்கும்?

நாம் செய்த அல்லது விற்ற பொருள் நம் கையை விட்டுப் போனபின், அதனால் வெளியார் ஒருவருக்குக் காயம், நோய், மரணம் ஏற்பட்டாலோ, அவருடைய வேறு சொத்துக்குச் சேதம் வந்தாலோ, சட்டப்படி நாம் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். முன்அனுமதி பெற்று வழக்கு நடத்திய செலவையும் கொடுக்கும்.

கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒரு விபத்துக்கு இவ்வளவு; ஒரு வருஷம் முழுவதற்கும் இவ்வளவு. உதாரணமாக, ஒரு விபத்துக்கு 10 லட்சம், வருஷத்துக்கு 20 லட்சம் என்று எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கும் உண்டு, 'எக்ஸஸ்' என்பார்கள். அது 10,000 ரூபாய் என்றால், தீர்ப்புத் தொகை 3,00,000, வக்கீல் செலவு 40,000, ஆக 3,40,000-ல் 10,000 நம்முடையது. மீதி 3,30,000 கம்பெனியுடையது. பல பாலிசிகளில் வக்கீல் செலவும் அந்த 10 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். வரம்பை நிர்ணயிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரே காரணத்தால் பலருக்குக் கேடு வந்தால்? ஒரே தடவை போட்ட சரக்கைத் தின்று ஆறு பேருக்கு வாந்தி பேதி வந்தால், பெரும்பாலும் அது ஒரே விபத்தாகவே கணக்கிடப்படும். ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சம்தான்.

பிரீமியம், விற்பனைத் தொகையையும் சரக்கின் தன்மையையும் பொறுத்தது. பிளாஸ்டிக் சீப்பு விற்பவருக்கும் கியாஸ் அடுப்பு விற்பவருக்கும் ஒரே கட்டணம் இருக்காது.

எதைக் கொடுக்காது?

பாலிசியை எடுத்தவுடன் எல்லாவற்றுக்கும் கேடயம் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள்தான் பின்னால் கண் கலங்குகிறார்கள். பொதுவாக இவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்காது:

1. கெட்டுப்போன சரக்கின் விலை. மிக்சி வெடித்து வாங்கியவர் கை போனால் கைக்கு நஷ்ட ஈடு உண்டு, மிக்சிக்கு இல்லை. சட்டமும் 'கேடு' என்ற சொல்லில் பொருளுக்கே வந்த சேதத்தைச் சேர்க்கவில்லை.

2. கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறும் செலவு. அதற்குத் தனி பாலிசி உண்டு.

3. பொருள் சொன்னபடி வேலை செய்யவில்லை என்ற புகார். முடி வளரும் என்று விற்ற தைலத்தால் முடி வளராவிட்டால் இந்த பாலிசி பேசாது.

4. அரசாங்கம் போடும் அபராதம், தண்டத் தொகை.

5. தெரிந்தே சட்டத்தை மீறியதால் வந்த கேடு. லைசென்ஸ் இல்லாமல் நடத்துவதும், தடை செய்த சாயத்தைச் சேர்ப்பதும் இதில் வரும்.

6. நம் கூடத்து வேலையாளுக்கு வரும் காயம். அதற்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுக் காப்பீடும் ஈ.எஸ்.ஐ.யும் இருக்கின்றன.

7. வெளிநாட்டில் நடக்கும் வழக்கு. சாதாரண பாலிசி இந்தியாவுக்குள் நடக்கும் வழக்குக்குத்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு அனுப்புகிறவர் அதைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். அமெரிக்கா, கனடா என்றால் கட்டணம் இன்னும் கூடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'பப்ளிக் லயபிலிட்டி' என்ற பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. நம் கூடத்துக்கு வந்த ஒருவர் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தால் அது பொதுப் பொறுப்பு. நம் சரக்கு வெளியே போய் ஒருவரைக் கெடுத்தால் அது பொருள் பொறுப்பு. 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்த துயரத்துக்குப் பின், அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிலகங்கள் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 1991-ல் ஒரு சட்டம் வந்தது. அது பொதுப் பொறுப்பு பற்றியது. முறுக்கு, மசாலா, செருப்பு வியாபாரிக்குப் பொருள் பொறுப்புக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் சரக்கு எடுக்கும் பெரிய கடைகளும் ஏற்றுமதிக்காரர்களும் அதைக் கேட்பதுண்டு.

கடைக்காரர்களுக்கென்று எல்லாம் சேர்ந்த ஒரே பாலிசியும் விற்கிறார்கள். அதில் 'பொறுப்பு' என்று ஓர் உட்பிரிவு இருக்கலாம். அது பொதுப் பொறுப்பு மட்டுமா, பொருள் பொறுப்பும் சேர்ந்ததா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியில் இருக்கிறது சூட்சுமம்

தீ பாலிசியில் தீப்பிடித்த தேதி ஒன்றுதான் கணக்கு. இதில் அப்படியல்ல. நம் நாட்டில் இந்த பாலிசி பெரும்பாலும், நஷ்ட ஈடு கேட்டு முதல் கடிதம் வரும் தேதியில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்ற கணக்கில் எழுதப்படுகிறது. அதோடு 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்று ஒரு பின்தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த விபத்துக்குப் பணம் கிடையாது.

ஒருவர் 2022 ஏப்ரல் 1-ல் முதன்முதலாக பாலிசி எடுத்து, வருஷா வருஷம் விடாமல் புதுப்பித்தால், பின்தேதி 2022 ஏப்ரல் 1 என்றே நிற்கும். 2023-ல் ஒருவருக்குக் கேடு வந்து, அவர் 2024-ல் நஷ்ட ஈடு கேட்டாலும் பாலிசி பேசும். நடுவில் ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் சங்கிலி அறுந்துபோகும். மறுபடி எடுக்கும்போது புதிய பின்தேதிதான் போடுவார்கள். பழைய கணக்கெல்லாம் நம் தலையில் விழும். நுகர்வோர் வழக்குத் தொடர இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். "இந்த வருஷம் வியாபாரம் மந்தம், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பது இந்த பாலிசியில் ஆபத்தான பேச்சு. கம்பெனி மாறினாலும் பழைய பின்தேதியையே போடச் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

குமாஸ்தாவின் பேனா

முதலாளி கையெழுத்துப் போடுவார். விண்ணப்பத்தை நிரப்புவது நாம்தான். பின்னால் தகராறு வந்தால் கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த விண்ணப்பத்தைத்தான். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்டதற்கு உண்மை சொல்லாமல் விட்டால், நஷ்ட நாளில் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

என்னென்ன சரக்கு? ஒன்று விடாமல் எழுதுங்கள். முறுக்கு என்று மட்டும் எழுதிவிட்டுத் தீபாவளிக்கு லட்டும் போட்டால், லட்டால் வந்த கேட்டுக்கு பாலிசி பேசாது. விற்பனை எவ்வளவு? ஜி.எஸ்.டி. கணக்கில் ஒன்று, பாலிசியில் ஒன்று என்று இருக்கக் கூடாது. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. முன்பு புகார் ஏதாவது வந்ததா? வந்திருந்தால் மறைக்காதீர்கள். எந்தெந்த ஊர், எந்தெந்த நாடு போகிறது? அதையும் எழுதுங்கள்.

அடுத்தது, கூடத்துக் கணக்கு. ஒவ்வொரு நாள் போட்ட சரக்குக்கும் ஓர் அடையாள எண். எந்த மூட்டை மாவு, எந்த டின் எண்ணெய், யார் கொடுத்தது, எந்தக் கடைக்குப் போயிற்று என்று ஒரு நோட்டு. இந்த நோட்டு இருந்தால், கெட்டது நம் சரக்கா வேறொருவர் சரக்கா என்று காட்டலாம். குற்றம் மாவு கொடுத்தவருடையது என்றால் அவரிடம் திரும்பக் கேட்கவும் வழி பிறக்கும். நோட்டு இல்லாவிட்டால் பாலிசி இருந்தும் வாதாட வாய் இருக்காது.

கடிதம் வந்தால்

புகார் வந்த அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வக்கீல் நோட்டீசுக்காகக் காத்திருக்க வேண்டாம். "என் பையனுக்கு உங்கள் சரக்கால் இப்படி ஆயிற்று" என்று ஒரு சாதாரணக் கடிதம், வாட்ஸ்ஆப் செய்தி வந்தாலும் போதும். நோட்டீஸ் எதையும் பதில் சொல்லாமல் போட்டு வைக்காதீர்கள். அந்த நாளின் மீதிச் சரக்கில் கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், மற்றதை விற்காதீர்கள்.

இங்கே ஒரு சங்கடம் வரும். கம்பெனியைக் கேட்காமல் "தப்பு எங்களுடையதுதான், பணம் தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது என்று பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. அப்படியானால் அடிபட்டவரைப் போய்ப் பார்க்கவும் கூடாதா? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆறுதல் சொல்லலாம், ரத்தம் கொடுக்கலாம். மனிதத் தன்மையை எந்த பாலிசியும் தடுக்கவில்லை. பொறுப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதும், தொகை பேசி முடிப்பதும்தான் கம்பெனியின் சம்மதத்தோடு நடக்க வேண்டும்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். தனி ஆளாகத் தொழில் நடத்துபவரும் குறுந்தொழில் நடத்துபவரும் அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. மும்பையிலேயே ஆபீஸ் இருக்கிறது. வியாபாரத்துக்காக எடுத்த பாலிசியானாலும், அதை எடுத்தவரும் நுகர்வோரே என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

நாமும் வாங்குகிறவர்கள்தான்

இதுவரை விற்கிறவர் பக்கம் நின்று பேசினோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் வாங்குகிறவர்கள். அந்தப் பொருளால் நமக்குக் கேடு வந்தால் இதே சட்டம் நம் பக்கம் நிற்கும். பில் நம் பெயரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோரே. செய்ய வேண்டியதெல்லாம் இதுதான்: பில்லையும் பெட்டியையும் வைத்திருங்கள். உடைந்த பொருளை வீசாதீர்கள், ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். டாக்டர் சீட்டில் எதனால் காயம் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுங்கள்.

அந்த முறுக்குக் கூடத்துக் கதைக்கு வருவோம். வழக்கு ஆணையம் வரை போகவில்லை. முதலாளி தானாவுக்கு நேரில் போய் அந்தத் தகப்பனாரைப் பார்த்தார். அவரிடம்தான் பாலிசி இல்லையே. யாரைக் கேட்டுப் பேச வேண்டும்? 1,60,000 ரூபாய்க்குச் சம்மதமாயிற்று. பாதியை வீட்டு அம்மாளின் சங்கிலி கொடுத்தது. மீதி எட்டு மாதத் தவணையில் தீர்ந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் புதிய கரண்டிகள் தொங்கின. வலை இல்லை, துளை போட்ட தகடு. அன்பர் மேஜை மேல் நீல அட்டை போட்ட நோட்டு. அன்றைய தேதி, மாவு மூட்டை எண், கரண்டிகளைப் பரிசோதித்தவர் கையெழுத்து எல்லாம் இருந்தன. ஃபைலில் தீ, திருட்டு பாலிசிகளோடு மூன்றாவதாக ஒன்று.

"இதுக்கு எதுக்கு கட்டுறோம்னு அண்ணாச்சி இப்ப கேட்கிறதில்லை, சார்" என்றார் அன்பர். "தேதி நெருங்கினா அவரே ஞாபகப்படுத்துகிறார்."

உங்கள் முதலாளியின் ஃபைலை நாளைக்கு ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். மூன்றாவது பாலிசி இருக்கிறதா?